பின்னால் நீட்டிய கை

என் கணவரின் அக்காவைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வலது கையை மட்டும் பின்பக்கமாக நீட்டுவார். உள்ளங்கை விரிந்து மேலே பார்த்திருக்கும். கொடுப்பதற்கு ஏதாவது இருந்தால் அதில் வைத்துவிடலாம். சொல்வதற்கு மட்டும் ஏதாவது இருந்தால் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்க வேண்டும்.

கல்யாணமாகிக் கடலூர் முதுநகர் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவருக்குக் காப்பி கொண்டுபோய், "அண்ணி" என்றேன். முதுகு அசையவில்லை. கை மட்டும் வந்தது. கோபமா, நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா, வந்த வீட்டில் இப்படித்தான் நடத்துவார்களா என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் என்னென்னவோ யோசித்துவிட்டேன். மாமியார் அடுப்படி ஜன்னலிலிருந்து, "கையில வச்சிட்டு வா. அவ திரும்பிப் பாத்தா அன்னிக்கு மழ கொட்டும்" என்றார்.

அது ஓட்டத்தில் பழகிய கை. அண்ணி படிக்கிற காலத்தில் நான்கு பெண்கள் ஓடும் ரிலேயில் கடைசியாக ஓடியவர். மாநில அளவு வரைக்கும் போனவர்கள். அப்புறம் கடலூரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். முதுநகரில் யாரைக் கேட்டாலும் பி.டி. டீச்சர் என்றால் தெரியும். அந்த அணியில் அவருக்கு முன்னால் ஓடியவர் பரங்கிப்பேட்டை சபுரா அக்கா. பேட்டன் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து ஓடிவரும் சபுரா அக்கா, நெருங்கியதும் "இந்தா" என்று ஒரு கத்துக் கத்துவார். அந்தச் சொல் காதில் விழுந்ததும், ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும் அண்ணி கையைப் பின்னால் நீட்டுவார். பேட்டன் வந்து உட்காரும். திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும்.

"திரும்பினா ரெண்டு பேருமே தோத்தோம்" என்பார் அண்ணி. "அவ கொண்டாந்து வைப்பான்னு நம்பித்தானே கைய நீட்டறோம். அப்புறம் என்னா பார்வை?"

ஓடுவதை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் கை விடவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டுவார். கண்டக்டர்கள் டிக்கெட்டைக் கிழித்து அதில் வைத்துவிட்டுப் போவார்கள். மீன்காரம்மா பையை மாட்டிவிடுவார். என் கணவர் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கையில் உயிர் நண்டு ஒன்றை வைத்தாராம். அண்ணி அப்போதும் திரும்பவில்லையாம். நண்டை அப்படியே பின்பக்கமாக வீசியிருக்கிறார். அது தம்பியின் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டு, கொடுக்கை எடுக்க மாமனார் வர வேண்டியதாயிற்றாம்.

அண்ணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாமியார் இருந்தவரை, "ஓடறவளையாவது நிக்க வைக்கலாம். கூப்ட்டா திரும்பாதவளுக்கு எங்க போயி மாப்ள புடிக்கறது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அண்ணி அந்தப் பக்கம் பார்த்தபடி சிரிப்பார். தோள் குலுங்குவதை வைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரியும்.

என்னைப் பெற்றவர்கள் வெளியே புறப்படுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள். எனக்கு எல்லாவற்றிலும் பயம். பூனை குறுக்கே போனால் பயம், யாராவது "எங்க போற" என்று கேட்டுவிட்டால் பயம். அண்ணி படியிறங்கிப் போவதைப் பார்க்கும்போது மட்டும் ஒரு நிம்மதி இருக்கும். யார் கூப்பிட்டாலும் அவருக்குச் சகுனம் கெடாது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி நினைத்தபோது எனக்கு ஒரு காரணம்தான் தெரியும். இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணிக்குக் காது போய்க்கொண்டிருந்தது. நரம்பு சம்பந்தப்பட்டது, மெல்ல மெல்லக் குறையும், மருந்தில்லை என்று சிதம்பரத்தில் ஒரு காது டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முழுக்கப் போவதற்குள் ஒரே ஒரு சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தார். அதற்காகத்தான் ஜப்பான் வரைக்கும் போனார். நானும் கூடப் போனேன்.

காது குறைகிறது என்று அவருக்கே முதலில் தெரிந்தது கடல் வந்த அன்றைக்கு. இதைச் சபுரா அக்கா எனக்குப் பிறகு சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி பள்ளிப் பிள்ளைகள் சிலரை சில்வர் பீச் மணலில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகளும் கத்தினார்கள். அண்ணி கண்ணுக்கு அவர்கள் வாயைத் திறந்து விளையாடுவதுபோல் இருந்ததாம். ஒரு பெண் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் ஓடினார், தண்ணீர் முழங்கால் வரைக்கும் பிடித்துவிட்டுப் போனது. அவரோடு இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அன்று கரையில் இருந்த எத்தனையோ பேர் பிழைக்கவில்லை.

"எல்லாரும் அலறிக்கிட்டு இருக்காங்க, எனக்கு ஒண்ணும் வரலடி" என்று அன்று சாயங்காலம் சபுரா அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

எங்களிடம் வேறு மாதிரி சொன்னார். பிள்ளைகளை முன்னால் விட்டுக் கடைசியாக ஓடிவந்தேன் என்றார். நாங்கள் பெருமைப்பட்டோம்.

அதற்கப்புறம் ஒரு மார்கழித் தேர். நானும் கணவரும் அவர் வேலைக்காகச் சிதம்பரத்தில் குடியேறியிருந்தோம். எங்கள் பாப்பா அப்போதுதான் நன்றாக நடக்கப் பழகி, தூக்கினால் இறங்கிவிடுகிற வயது. அண்ணி தேர் பார்க்க வந்திருந்தார். தெற்கு வீதியில் கூட்டம் நெருக்கியது. அர்ச்சனைத் தட்டு என் கையில் இருந்ததால் பாப்பாவை அண்ணியிடம் விட்டிருந்தேன். தேர் நகர்ந்ததும் கூட்டமும் நகர்ந்தது. அண்ணி வழக்கம்போல் கையைப் பின்னால் நீட்டி, "கையக் குடு பாப்பா" என்றார். ஒரு சின்னக் கை வந்து பிடித்துக்கொண்டது. அண்ணி நடந்தார்.

மேல வீதி முனை வரைக்கும் நடந்திருக்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக் குனிந்தபோதுதான் பார்த்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய, பச்சைப் பாவாடை கட்டிய, யார் வீட்டுக் குழந்தையோ. அதுவும் பயப்படாமல் தன்பாட்டுக்கு நடந்து வந்திருக்கிறது.

பாப்பா பலூன்காரர் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைக் கண்டுபிடித்தபோது பலூன்காரர் என்னைத்தான் திட்டினார். அந்தம்மா ரெண்டடியிலதான் நின்னாங்க, புள்ள அத்த அத்தன்னு கத்துது, திரும்பக்கூட இல்ல, இவங்ககிட்ட எப்படி விட்டீங்க என்றார். அந்த மொட்டைக் குழந்தையின் அம்மா அதற்குள் அண்ணியைப் பிடித்துவிட்டார். புள்ள புடிக்கறவளா என்று வீதியில் நிற்க வைத்துக் கேட்டார். அண்ணி அந்தக் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பாப்பாவை அண்ணியிடம் தனியாக விடுவதை நிறுத்தினேன். வாயால் சொல்லவில்லை. அவர் வரும்போதெல்லாம் பாப்பாவைக் குளிப்பாட்ட, தூங்க வைக்க, பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போக எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அண்ணிக்குப் புரிந்தது. பாப்பா ஓடிவந்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் தூக்குவார். அம்மா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றும். மறு பக்கம், அவர் ஊருக்குத் திரும்பும் பஸ் கண்ணுக்கு மறையும் வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

ஜப்பானில் உலகத் தடகளப் போட்டி நடக்கப் போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தது சபுரா அக்காதான். அவருடைய அண்ணன் கோபேயில் ரத்தினக்கல் வியாபாரம் செய்கிறார், தங்கிக்கொள்ளலாம், போட்டி நடக்கும் ஊர் அங்கிருந்து ரயிலில் பக்கம்தான் என்றார். ரிலே அணியின் நான்கு பேரும் போவதாகப் பேச்சு. முதலில் ஓடியவர் ஸ்டெல்லா அக்கா, முதுநகரிலேயே நர்ஸாக இருந்தார். இரண்டாவதாக ஓடியவரைப் பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டுக்காரர், ஓட்டம் பார்க்கவா அவ்வளவு தூரம், ஊர் சிரிக்காதா என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு என் கணவர் என்னைச் சொன்னார். அக்கா கொஞ்ச நாளாக என்னவோ போல இருக்கிறது, நீ கூடப் போனால் எனக்கு நிம்மதி என்றார். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள என் அம்மா வந்துவிடுவதாக முடிவாயிற்று. எல்லோரும் முடிவு செய்துவிட்ட பிறகு நான் என்ன சொல்ல? சரி என்றேன். பாப்பாவை விட்டு ஒரு ராத்திரிகூடத் தனியாக இருந்ததில்லை நான்.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் அண்ணியிடம், எதுக்கும்மா ஜப்பான் என்று கேட்டார். ஓட்டம் பார்க்க என்றார் அண்ணி. அதான் டிவியில காட்டறானே என்றார் அவர். அண்ணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"டிவியில ஓடறது தெரியும் சார். ஓடறவ பேசறது கேக்காது."

அவர் எழுதிக்கொண்டு போனார். எனக்கும் அன்று அது புரியவில்லை.

சென்னை விமான நிலையத்தில்தான் புரிந்தது. அண்ணி பெட்டிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். சபுரா அக்கா என்னைத் தள்ளிக்கொண்டுபோய், முக்காட்டைச் சரிசெய்தபடி, "ஒண்ணு சொல்றேன் உமா. கேட்டா நான் சொன்னதா சொல்லாத. அவளுக்குக் காது போயிக்கிட்டு இருக்கு" என்றார்.

நான் அண்ணி இருந்த பக்கம் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாய் அசையறத வச்சே பாதிய ஓட்டிடுவா. ஸ்கூல்ல தெரிஞ்சா வேல போயிடும்னு பயம். தம்பிக்கும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. ரிலே மாத்தறப்ப மத்த நாட்டுப் பொண்ணுங்க என்னா சொல்லிக் குடுக்கறாங்கன்னு கேக்கணுமாம். நாம இந்தான்னு சொன்னமே, அதுபோல அவுங்க என்னா சொல்றாங்கன்னு. அது ஒண்ணக் கேட்டுட்டா போதுமாம். பைத்தியக்காரி."

சொல்லிவிட்டுச் சபுரா அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பின்னாலிருந்து கூப்பிடாதே, முன்னால் போய் நின்று பேசு என்று மட்டும் எச்சரித்தார்.

விமானத்தில் எனக்குத் தேர்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பாப்பா கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. அப்படியென்றால் அவர் மேல் தப்பில்லை. ஆனால் கேட்காது என்று தெரிந்தவர் ஏன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்? அவருக்கே அவ்வளவு தெரியாதோ? தெரியாததுபோல் இருந்தாரோ? பாப்பாவை விடாமல் இருந்தது சரிதானா, சரியென்றால் எனக்கேன் இப்படி இருக்கிறது? பக்கத்து சீட்டில் அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவரிடம் எதுவும் கேட்க முடியாது. கேட்டால் எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும்.

கோபேயில் சபுரா அக்காவின் அண்ணன் வீட்டில் எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஊர் எங்கள் ஊர் சித்திரை மாதிரிப் புழுங்கியது. ஆனால் அப்படி ஒரு சத்தமில்லாத ஊரை நான் பார்த்ததில்லை. கார்கள் ஹாரன் அடிப்பதில்லை. ரயிலில் யாரும் பேசுவதில்லை. முதல்நாள் ரயிலில் உட்கார்ந்ததும் அண்ணியின் முகம் மாறியது. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டெல்லா அக்காதான் புரிந்துகொண்டார். உடனே வேண்டுமென்றே பெரிய குரலில், மாமியாருக்கு மூட்டுவலி வந்த கதையை ஆரம்பித்தார். சபுரா அக்காவும் சேர்ந்துகொண்டார். ரயில் பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. அண்ணிக்கு மூச்சு வந்தது.

போட்டியில் எங்களுக்கு ஒரே ஒரு நாளைக்குத்தான் டிக்கெட், பெண்கள் ரிலேயின் இறுதி ஓட்டம் நடக்கும் அந்த மாலைக்கு. எல்லோரும் ஓட்டம் முடியும் கோட்டுக்கு அருகில் இடம் கேட்பார்கள். அண்ணி முன்கூட்டியே சொல்லி, மூன்றாவது பெண் நான்காவது பெண்ணுக்குப் பேட்டனைக் கொடுக்கும் வளைவுக்கு மேலே, கீழ் வரிசையில் வாங்க வைத்திருந்தார். வழி தவறி நாங்கள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. அண்ணியும் ஸ்டெல்லா அக்காவும் முன் வரிசையில், நானும் சபுரா அக்காவும் அவர்களுக்கு நேர் பின்னால்.

நாங்கள் உட்காரும்போது நீண்ட ஓட்டம் ஒன்று கடைசிச் சுற்றில் இருந்தது. அரங்கம் முழுக்க எழுந்து கத்தியது. கொட்டு அடித்தார்கள், கொடி ஆட்டினார்கள். சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அண்ணி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "கேக்குது ஸ்டெல்லா, கேக்குது" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குரலிலேயே தெரிந்தது.

பிறகு ரிலே பெண்கள் வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். எங்களுக்கு நேர் கீழே கடைசியாக ஓடப்போகிறவர்கள் குதித்துக் குதித்துக் கைகால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

எங்கள் ஊர் விளையாட்டுப் போட்டி எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மைக் செட்டில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் அதற்கு மேல், சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார் என்று அறிவிப்பார். பிள்ளைகள் விசிலடிப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் தொண்டை கிழியக் கத்தித்தான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். அண்ணி ஓடியதும் ஓடவிட்டதும் அப்படித்தான். உலகத்தின் பெரிய ஓட்டங்களில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் அரங்கமே வாயை மூடிக்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எங்களுக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் அந்த நேரத்தில் வர்ணனையாளர் பேசிக்கொண்டிருப்பார்.

ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். திடீரென்று எல்லாம் நின்றது. கொட்டு நின்றது, பேச்சு நின்றது, கைவிசிறிகள்கூட நின்றுவிட்டன. அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் ஒரு இருமல் இல்லை.

அண்ணி திரும்பினார்.

நான் பார்த்து அவர் திரும்பியது அந்த ஒரு தடவைதான். இரண்டு காதையும் கையால் பொத்தி, எடுத்து, மறுபடி பொத்தி, என்னைப் பார்த்தார்.

"போச்சு உமா. போச்சுடி."

அந்த அமைதியில் அவர் குரல் எவ்வளவு தூரம் போனது என்று அவருக்குத் தெரியாது. வரிசை வரிசையாக முகங்கள் எங்கள் பக்கம் திரும்பின. நான் என்னையறியாமல் உதட்டில் விரலை வைத்தேன். பள்ளியில் பழகியது, பாப்பாவிடம் பழகியது, யாராவது பார்த்தால் முதலில் விரல்தான் உதட்டுக்குப் போகும். அதை அண்ணி என்னவென்று எடுத்துக்கொண்டார் என்று இன்றும் யோசிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டார்.

துப்பாக்கி வெடித்தது. சத்தம் மறுபடி எழுந்தது. அண்ணி கண்ணைத் திறந்தார், வந்துவிட்டதே என்பதுபோல் பார்த்தார். நான் அவர் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, உதடு தெரியும்படி, "உங்களுக்கு ஒண்ணுமில்ல அண்ணி. எல்லாரும் சும்மா இருந்தாங்க. எல்லாருமே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையில் அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பக்கத்திலிருந்து சபுரா அக்கா அந்தப் பழைய குரலில், "கீழ பாருடி, வந்துட்டாளுவ, பாருடி" என்று அலறினார். அந்தக் குரலுக்குக்கூட அண்ணி அசையவில்லை. என் வாயைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் புரிந்துகொண்டு கீழே பார்த்தபோது எங்களுக்கு நேர் கீழே யாரும் இல்லை. கடைசிப் பெண்கள் பேட்டனை வாங்கிக்கொண்டு நேர் ஓட்டத்தில் பாதி தூரம் போய்விட்டிருந்தார்கள். கொடுத்துவிட்டவர்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார்கள்.

யார் ஜெயித்தது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் ஸ்டெல்லா அக்காகூடக் கதை ஆரம்பிக்கவில்லை. அன்றிரவு ஃபோனில் பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது என்று அம்மா சொன்னார். மற்ற நாளாக இருந்தால் அழுதிருப்பேன். அன்று சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஊருக்கு வந்ததும், ஓடறவங்க பேசறது கேட்டுச்சா என்று எல்லோரும் கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள், மீன்காரம்மா கேட்டார், என் கணவர் கேட்டார். கேட்டுச்சு, நல்லாவே கேட்டுச்சு என்று அண்ணி எல்லோரிடமும் சொன்னார். அவுங்க என்னா சொல்லிக் குடுத்தாங்க டீச்சர் என்று பிள்ளைகள் விடாமல் கேட்டால், அது அவுங்க பாஷை, நமக்கு எங்க புரியப்போவுது என்பார். சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார். சபுரா அக்காவும் ஸ்டெல்லா அக்காவும் அருகில் இருந்தால் தலையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். பிறகு வீட்டுக்கு வந்து, ஆட்டியிருக்க வேண்டாமோ என்று நினைப்பேன்.

அடுத்தடுத்த வருஷங்களில் மீதியும் போனது. ஒரு விளையாட்டு விழாவில் ஒரு பெண் முன்னதாகவே ஓடிவிட்டாள். மற்ற ஆசிரியைகள் விசில் ஊதி எல்லோரையும் திரும்ப வரச் சொன்னார்கள். அண்ணி மட்டும் எல்லைக்கோட்டில் நின்று, வந்து சேராதவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை. அவரே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் என் கணவருக்குத் தெரியும். எனக்கு முன்பே தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன்.

வீட்டில் எல்லோரும் மாறிக்கொண்டோம். அண்ணியின் பின்னால் நின்று யாரும் பேசுவதில்லை. பாப்பாதான் முதலில் கற்றுக்கொண்டாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அத்தையிடம் ஏதாவது வேண்டுமென்றால் ஓடிப்போய் முன்னால் நின்று, வாயை அகலமாகத் திறந்து பேசுவாள். பாப்பாவை மறுபடி அவரிடம் விட்டேன். விட்டுவிட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

தானே புயல் அடித்து முதுநகர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டபோது அண்ணி சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். கடலூர் பக்கம் மரம் ஒன்று நிற்கவில்லை, எங்கள் தெருவிலும் வேம்பு சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. பல நாளாகக் கரண்ட் இல்லை. மிக்சி இல்லை, மோட்டார் இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை. அப்படி ஒரு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாப்பா அத்தையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜப்பான் கதை சொல்லுங்க என்றாள்.

அண்ணி சொன்னார். ரயில், புழுக்கம், ஸ்டெல்லா அக்காவின் மாமியார் கதை, வழி தவறியது. குரல் அப்போதெல்லாம் ஏறி இறங்கும், அவருக்குத் தெரியாது. அந்த அமைதிக்கு வந்ததும் நிறுத்தினார். வழக்கமாக அதைத் தாண்டித்தான் போவார். அன்று தாண்டவில்லை.

"அவ்ளோ பேரு பாப்பா. ஒரு மூச்சு இல்ல. எனக்குத்தான் போயிடுச்சுன்னு பயந்துட்டேன். உங்கம்மா சொல்லித்தான் தெரியும். இப்ப நெனச்சா, அந்த நேரத்துல அங்க எல்லாருக்கும் என் காதுதான் இருந்துச்சு."

பாப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. "அப்புறம் சொல்லுங்க அத்த. கம்ப மாத்தறப்ப அவுங்க என்னா சொன்னாங்க?"

அவுங்க பாஷை, நமக்குப் புரியாது என்ற பதிலுக்காக நான் காத்திருந்தேன். அண்ணி பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்குக் கேக்கல பாப்பா" என்றார். "உங்கம்மாவக் கேளு. அவ அங்கதான் இருந்தா."

கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துபோய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். உதடு நன்றாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "எனக்கும் கேக்கல அண்ணி. சபுரா அக்காவுக்கும் கேக்கல. அந்தச் சத்தத்துல யாருக்குமே கேட்டிருக்காது."

அது நிஜம். இரைச்சல்தான் இருந்தது. கீழே ஓடிய பெண்கள் வாயைத் திறந்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி என் வாயைக் கடைசிச் சொல் வரைக்கும் படித்தார். என் முழங்காலில் மெல்லத் தட்டினார்.

"எனக்காவ சொல்லாத உமா."

"இல்ல அண்ணி, நெசமாத்தான்..."

அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் நான் சொன்ன எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.